தெர்மாமீட்டர் 39 காட்டுகிறது, ரிப்பேரா? அவசரம்ங்க

பெருந்துறைப் பொண்ணு:
வந்து பதினேழு நாள்தான் ஆகிறது. மத்தியானத்திலிருந்து பாப்பாவுக்கு மேலு கொதிக்கிறது. இங்கே மருந்துக் கடையில் வாங்கிய தெர்மாமீட்டர் 39.1 என்கிறது. நம்மூரில் 98.4 தானே சரியான அளவு? அம்மாவுக்கு ஃபோன் போட்டால், "முப்பத்தொம்பதா? அப்படீன்னா சில்லுன்னு கெடக்கோணுமே சாமி" என்கிறார். ஃபோனில் நர்ஸ் ஒருவர் எடையைப் பவுண்டில் கேட்டார். பதினொன்றரை கிலோ என்பதற்குள் லைன் போய்விட்டது. நான் வாங்குவது, தொடுவது எல்லாமே ரிப்பேர்தான் போல. நேற்று வீட்டுக்காரர் பிறந்தநாளுக்குக் கேக் செய்ய ஓவனை 180-இல் வைத்தேன். ஒரு மணி நேரம் ஆகியும் மாவு மாவாகவே இருந்தது. அவர் வேலைக்குப் போயிருக்கிறார். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

டல்லாஸ் கோபிக்காரன்:
அமெரிக்காவில் எல்லாமே ஃபாரன்ஹீட்தான். யாரோ தப்பான மெஷினை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். பில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் வந்த முதல் ஜனவரியில் டிவியில் 40 டிகிரி என்று போட்டான். சரி, நம்ம ஈரோட்டுச் சித்திரை வெயில்தானே என்று அரைக்கைச் சட்டையோடு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். அது நம் கணக்கில் 4 டிகிரி. மூன்று நாள் படுக்கை. கஞ்சி வைத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை. உங்களுக்காவது கேட்பதற்கு நாங்கள் இருக்கிறோம்.

உடுமலை டு லண்டன்:
தெர்மாமீட்டரைத் திருப்பிக் கொடுக்காதீங்க. இங்கே டாக்டர் செல்சியஸில்தான் கேட்பார். எடையைத்தான் ஸ்டோனில் சொல்வார்கள், ஒரு ஸ்டோன் 14 பவுண்டு. ஆபீஸில் ஒருவர் "நான் பன்னிரண்டு ஸ்டோன்" என்றபோது சிறுநீரகக் கல் என்று நினைத்து அனுதாபப்பட்டவன் நான். பெட்ரோல் லிட்டரில், ரோடு மைலில், பால் பைண்டில். 30 என்ற போர்டைப் பார்த்து, காரில் சின்னதாக எழுதியிருக்கும் கிலோமீட்டர் முப்பதில் ஓட்டினேன். பின்னால் அரை மைலுக்கு வண்டி நின்றது.

டல்லாஸ் கோபிக்காரன்:
நீங்கள் ஓட்டியது சரி, உங்கள் கேலன் தப்பு. உங்களது 4.546 லிட்டர், எங்களது 3.785. என் மச்சான் லண்டனிலிருந்து தன் கார் கேலனுக்கு ஐம்பது மைல் ஓடுது என்று பீற்றிக்கொண்டதை நம்பி இரண்டு வருஷம் வயிறெரிந்தேன்.

திருப்பூர் பனியன்:
நான் எங்கேயும் போகவில்லை, ஊரில்தான் இருக்கிறேன். ஆனால் வெள்ளைக்காரனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை உண்டா? 1962-லேயே கிலோ கட்டாயமாகிவிட்டது. இன்னமும் வெயில் செல்சியஸில், காய்ச்சல் ஃபாரன்ஹீட்டில். போர் ஆயிரம் அடி ஓட்டுகிறோம், பவானிசாகர் 105 அடி தொட்டால்தான் நிறைந்தது என்கிறோம். என் தொழிலையே பாருங்கள். 30-ஆம் நம்பர் நூல் என்றால், 840 கெஜ நூல் கொண்ட சிட்டம் முப்பது சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதே நூலைக் கிலோ கணக்கில் வாங்கி, துணியாகப் பின்னிய பிறகு ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்கிறோம். துணி அகலம் மட்டும் திரும்ப இஞ்ச். இதில் நான் முதல் வருஷம் விட்ட நஷ்டத்தைச் சொன்னால்...

டொரன்டோ தாராபுரத்தா:
ஏனுங்க, குழந்தை கொதிக்குதுன்னு ஒரு பொண்ணு அழுகுது, நீங்க டேம் தண்ணி அளக்கறீங்களா?

அம்மிணி, எந்த நாடு என்று நீங்கள் சொல்லவேயில்லை. ஆனால் தெர்மாமீட்டர் செல்சியஸ், எடை பவுண்டு, ஓவன் ஃபாரன்ஹீட் என்றால் அது கனடாவாகத்தான் இருக்கும். எதுவும் ரிப்பேர் இல்லை. 39.1 என்றால் நம் கணக்கில் 102.4. காய்ச்சல்தான். 38-க்கு மேல் போனாலே இங்கே காய்ச்சல் என்பார்கள். பதினொன்றரை கிலோ என்றால் 25 பவுண்டு, நர்ஸிடம் அதைச் சொல்லுங்கள். பல மாகாணங்களில் 811 அடித்தால் நர்ஸ் பேசுவார். பாப்பாவுக்கு வயது என்ன? மூன்று மாதத்துக்குள் இருந்தால் ஃபோன் எல்லாம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

ஊரிலிருந்து கொண்டுவந்த பாராசிட்டமால் சிரப் அளவை இங்கே வாங்கிய பாட்டிலுக்குப் போடாதீர்கள். நம்மூரில் 5 மில்லிக்கு 125 மி.கி. உண்டு, 250-ம் உண்டு. இங்கே கைக்குழந்தைச் சொட்டு மருந்து ஒரு மில்லிக்கே 80 மி.கி., பெரிய பிள்ளைகள் சிரப் 5 மில்லிக்கு 160. மருந்து ஒன்றுதான், கெட்டி வேறு. கரண்டி வேண்டாம், பாட்டிலோடு வரும் சிரிஞ்சில் மில்லியாக எடுங்கள். எத்தனை மில்லி என்று மருந்துக் கடைக்காரரிடமே கேளுங்கள், சும்மா சொல்வார். 1983-இல் பவுண்டையும் கிலோவையும் மாற்றிக் கணக்குப் போட்டு, ஏர் கனடா விமானத்துக்கே நடுவானில் எரிபொருள் தீர்ந்து கிம்லி என்ற ஊரில் கிளைடர் மாதிரி இறங்கியது. நாம் தப்புச் செய்வதில் வெட்கமில்லை.

டல்லாஸ் கோபிக்காரன்:
கனடாவா? அதை முதல்லயே சொல்றதில்லையா அம்மிணி.

பெருந்துறைப் பொண்ணு:
அக்கா, பிராம்ப்டன்தான். மன்னிச்சுக்கோங்க, பதட்டத்தில் விட்டுவிட்டேன். பாப்பாவுக்கு ஒன்றே முக்கால் வயது. 811-இல் கிடைத்தார்கள், மருந்துக் கடையிலும் கேட்டுவிட்டேன். சிரிஞ்சில் கொடுத்து ஒரு மணி நேரமாகிறது. இப்போது 38.0, தண்ணீர் குடிக்கிறாள். ராத்திரி ஏறினால் திரும்பக் கூப்பிடச் சொன்னார்கள். ஆமாம், அப்படியானால் அந்த ஓவன்?

டொரன்டோ தாராபுரத்தா:
நீங்கள் வைத்த 180 நம் 82. தண்ணி கூடக் கொதிக்காது. 350-இல் வையுங்கள்.

பெருந்துறைப் பொண்ணு:
அந்த மாவு ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. அதையே வைத்துவிடட்டுமா?

டொரன்டோ தாராபுரத்தா:
முட்டை போட்டிருக்கிறீர்களா? கொட்டிவிட்டுப் புதுசாகக் கலக்குங்கள். பாப்பா தூங்கினதும்.