அடைத்த கடன் சிபிலில் ‘ரிட்டன் ஆஃப்’ என நிற்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. 2019இல் ஒரு நிதி நிறுவனத்தில் வண்டிக்கடன் வாங்கி, 2021இல் கடைசித் தவணை வரை கட்டி முடித்தேன். என்ஓசி (பாக்கி இல்லை என்ற சான்று) கையில் இருக்கிறது, ஆர்சி புத்தகத்தில் ஹெச்பியும் (வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பு) நீக்கியாகிவிட்டது. இப்போது வீட்டுக்கடன் கேட்டுப் போனால், சிபில் என்ற கடன் வரலாற்று அறிக்கையில் அதே கடன் ‘ரிட்டன் ஆஃப்’ (வராக்கடன் என்று கணக்கில் தள்ளியது), பாக்கி ரூ.4,870 என்று வருகிறது. அந்த வரியைப் பார்த்ததுமே வங்கி அதிகாரி என் விண்ணப்பத்தை மூடி, மேசையில் என் பக்கமே தள்ளிவிட்டார். வெளியே பெஞ்சில் அம்மா காத்திருந்தார். அவருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

சரி என்று சிபிலில் ஆன்லைனில் டிஸ்ப்யூட் (பதிவு தவறு என்ற மறுப்பு) போட்டேன். கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் சிபில் எதையும் மாற்றாது. நிறுவனமோ ‘விவரம் சரியே’ என்று பதில் அனுப்பிவிட்டது. கிளையில் கேட்டால், “அந்த 4,870ஐக் கட்டி செட்டில் பண்ணிடுங்க சார்” என்கிறார்கள். ‘செட்டில்டு’ (முழுதும் கட்டாமல் பேசி முடித்தது) என்று விழுந்தால் அதுவும் கறைதானே? அடைத்த கடனுக்கு நான் ஏன் மறுபடி கட்ட வேண்டும்?

புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு ரூ.100 இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. இப்படித் தவறாக நிராகரித்தாலும் அது கிடைக்குமா? நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதிவிட்டேன். அடுத்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேன்தான். அங்கே போய் வென்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்ஓசியோடு தவணை கட்டிய வங்கி ஸ்டேட்மென்ட் போதுமா? அப்புறம் சிபில் போலவே கடன் வரலாறு வைத்திருக்கும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் மூன்றிலும் தனித்தனியாக டிஸ்ப்யூட் போட வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.