பயன்படுத்திய ரெசனேட்டர் கிட்டார் வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் ராலே நகரில் வசிக்கிறேன். இங்கு நடந்த ப்ளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசை வகை) விழாவில் ஒருவர் டோப்ரோ (உள்ளே உலோகக் கூம்பு, அதாவது கோன், அதிர்ந்து ஒலிக்கும் ரெசனேட்டர் கிட்டார் வகை) வாசிக்கக் கேட்ட நாளிலிருந்து அந்த ஒலி மனத்தை விட்டு அகலவில்லை. கைக்குக் கிடைத்த மலிவான ரெசனேட்டர் கிட்டார் ஒன்றை வாங்கி, ஆசிரியர் இல்லாமலே எட்டு மாதங்களாகப் பழகிவருகிறேன். அதன் குறைகள் இப்போது என் காதுக்கே தெரிகின்றன. 12ஆம் ஃபிரெட்டை (கிட்டாரின் கழுத்துப் பகுதியில் குறுக்கே பதித்த பட்டை) நெருங்கும்போது சுரம் நிற்காமல் சட்டென்று அடங்கிவிடுகிறது; மூன்றாம் தந்தியை மீட்டினால் உள்ளே தகரம் அதிர்வதைப் போன்ற ஓசை எழுகிறது.

சுமார் 700 டாலருக்குள், யாரேனும் பயன்படுத்திய, இதைவிட நல்ல கருவி ஒன்றை வாங்க விரும்புகிறேன். இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று மர உடலும் சதுர நெக்கும் (கழுத்தும்) கொண்டது. மற்றொன்று பளபளக்கும் பித்தளை உடலும் உருண்டை நெக்கும் கொண்டது. விலை ஏறக்குறைய ஒன்றே. எதைத் தேர்ந்தெடுப்பது, நேரில் பார்க்கும்போது எவற்றைச் சோதிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்

வணக்கம் நண்பரே. மரமா பித்தளையா என்பதற்கு முன்னால், கிட்டாரை மடியில் படுக்க வைத்து வாசிக்கப் போகிறீர்களா, மார்போடு அணைத்து வாசிக்கப் போகிறீர்களா என்பதை முடிவு செய்யுங்கள். சதுர நெக்கில் தந்திகள் மிக உயரத்தில் இருப்பதால் விரலால் ஃபிரெட்டில் அழுத்தவே முடியாது. மடியில் கிடத்தி, எஃகுத் துண்டைத் தந்திகளின் மேல் நகர்த்தித்தான் வாசிக்க வேண்டும். உங்கள் மனத்தைக் கவர்ந்தது ப்ளூகிராஸ் டோப்ரோ என்றால் அது பெரும்பாலும் சதுர நெக்காகவே இருந்திருக்கும்.

இரண்டின் உள்ளமைப்பும் வேறு. ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய ஜான் டோப்யேரா, ஒலிபெருக்கி பரவாத 1920களில், மற்ற வாத்தியங்களுக்கு நடுவே கிட்டாரின் குரல் அமுங்காமல் இருப்பதற்காக அலுமினியக் கோன்களை உள்ளே வைத்து நேஷனல் நிறுவனத்துக்காக ரெசனேட்டர் கிட்டாரை உருவாக்கினார். அங்கிருந்து விலகி 1928இல் சகோதரர்களுடன் டோப்ரோவைத் தொடங்கியபோது, கோனைக் கிண்ணம்போல் மேல்நோக்கித் திறந்திருக்கும்படி திருப்பி, அதன் விளிம்பில் சிலந்திக் கால்கள் போன்ற ஒரு பிரிட்ஜை (தந்திகளின் அதிர்வைக் கோனுக்குக் கடத்தும் பாலம்) நிறுத்தினார். ப்ளூகிராஸில் கேட்கும் நீண்டு இழையும் ஒலி இந்த அமைப்புக்குரியது. ஒரே கோனின் உச்சியில் சிறு மரவட்டு அமர்ந்திருக்கும் பிஸ்கட் அமைப்பு, நீங்கள் சொல்லும் பித்தளைக் கிட்டார்களில் மிகுதி. அது குரைப்பது போல வெடித்து எழுந்து விரைவில் அடங்கும். சன் ஹவுஸ், புக்கா ஒயிட் போன்ற மிசிசிப்பி ப்ளூஸ் கலைஞர்களின் ஒலி அது.

இரண்டாம் பதில்

தொடக்க நிலையில் இருப்பவர் ஏன் சதுர நெக்கோடு தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டும்? உருண்டை நெக் வாங்கி, நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் துண்டு) மேல் பொருத்தும் சிறு உயர்த்தியைப் போட்டால் மடியிலும் வாசிக்கலாம், எடுத்துவிட்டால் விரலாலும் வாசிக்கலாம்.

மூன்றாம் பதில்

மேலே சொன்னதில் ஓர் ஆபத்து உண்டு. ப்ளூகிராஸில் வழங்கும் ஜி-பி-டி-ஜி-பி-டி சுருதியில் ஆறாம் தந்தி வழக்கத்தைவிட மூன்று அரைச்சுரமும் ஐந்தாம் தந்தி இரண்டு அரைச்சுரமும் ஏறுகின்றன. அந்த இழுவிசையைத் தடித்த தந்திகளோடு தாங்குவதற்காகவே நெக்கைச் சதுரமாகச் செய்தார்கள். உருண்டை நெக்கை அப்படி வைத்தால் நாளடைவில் வளைந்துவிடும். டி-ஜி-டி-ஜி-பி-டி என்று தாழ்த்திச் சுருதி கூட்டினால் பயமில்லை.

நான் பல ஆண்டுகளாக இவற்றைப் பழுது பார்த்து வருகிறேன். பழைய கிட்டாரில் கோனைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நெக்கைப் பார்த்துப் பயப்படுங்கள். கோன் நசுங்கியிருந்தாலும் புதிது வாங்கி மாற்றலாம் (சிலந்தி அமைப்புக்குப் பொதுவாக 10.5 அங்குலம், பிஸ்கட்டுக்கு 9.5 அங்குலம்). உடலோடு நெக் சேரும் இடம் விட்டுப்போயிருந்தால், அதைச் சரிசெய்யும் கூலி கிட்டாரின் விலையையே எட்டிவிடும்.

நெக் எழும்பியிருப்பதை மறைக்கும் வழி ஒன்று உண்டு. தந்திகள் உயர்ந்துவிட்டதால் வாசிக்க முடியவில்லை என்று உரிமையாளர் சேடிலை (பிரிட்ஜின் மேல் தந்திகள் படியும் துண்டு) அராவிக் குறைத்திருப்பார். எனவே கிட்டாரைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, பக்கவாட்டிலிருந்து சேடிலைப் பாருங்கள். தந்தி அதன் மேல் ஏறித் தெளிவான கோணத்தில், தந்திகளின் முனைகள் மாட்டியிருக்கும் வால்பகுதியை நோக்கி இறங்க வேண்டும். படுத்தாற்போல நேராகப் போனால் கோனை அழுத்தும் விசை போதாது. ஒலி மெலியும், தந்தி சேடில் பள்ளத்திலேயே குடுகுடுக்கும். அதோடு, நட்டிலிருந்து 12ஆம் ஃபிரெட்டுக்கும் அங்கிருந்து சேடிலுக்கும் உள்ள தூரங்களை அளந்து பாருங்கள். ஏறக்குறையச் சமமாக இல்லாவிட்டால் கோன் தன் இருக்கையிலிருந்து நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

பித்தளையின் பளபளப்புக்கு விலை கொடுக்காதீர்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டையும் நேரில் பார்த்தேன். பித்தளைக் கிட்டாரில் நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது: தந்திகள், கோனை மூடியிருக்கும் மூடித்தகட்டை ஏறக்குறைய உரசிக்கொண்டு சென்றன. வாசிக்க இலகுவாக இருக்கட்டும் என்று சேடிலைக் குறைத்ததாக விற்பவரே கூறினார். சதுர நெக்கில் முதல் தந்தியை 12ஆம் ஃபிரெட்டில் மீட்டிவிட்டு மெதுவாக எண்ணினேன். எட்டு வரை ஒலி நின்றது. 640 டாலருக்கு வாங்கிவிட்டேன். இனித் தந்தி மாற்றும்போது கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா? பழையதை விற்றுவிடலாமா?

மூன்றாம் பதில் எழுதியவர்

நல்ல தேர்வு. கோன் ஒட்டப்பட்டதன்று, தந்திகளின் அழுத்தம்தான் அதை இருத்தி வைக்கிறது. ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றினால் நகர்ந்துவிடக்கூடும் என்பதால் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். சிலந்தியின் நடுவிலுள்ள திருகை முறுக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அது அளவுக்கு மீறி இறுகினால் கோனின் குரல் அடைபட்டுவிடும்.

பழையதை விற்குமுன், மூடித்தகட்டைச் சுற்றியுள்ள திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். மூன்றாம் தந்தியில் எழும் தகர ஓசைக்குப் பல நேரங்களில் தளர்ந்த ஒரு திருகுதான் காரணமாக இருக்கும்.