யு.எஸ்.டி.ஏ கிராமப்புற வீட்டுக் கடன்: ஹோம் இன்ஸ்பெக்ஷன் பில்லை யார் பேருக்கு, எப்படிப் போடுவது?

டெக்சாஸ்_ஏணி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். டெக்சாஸ்ல, ஆஸ்டினுக்குக் கிழக்கே, டி.ஆர்.இ.சி (டெக்சாஸ் ரியல் எஸ்டேட் கமிஷன்) லைசென்ஸோட ஹோம் இன்ஸ்பெக்ஷன் பண்றேன். வர்ற வீடுகள்ல பாதிக்கு யு.எஸ்.டி.ஏ (அமெரிக்க வேளாண் துறை) ரூரல் டெவலப்மென்ட் கடன். எல்லாம் கிணறும் செப்டிக்கும் உள்ள வீடுகள்.

"ஹோம் இன்ஸ்பெக்ஷன் – 910 டாலர்"னு ஒரே வரியில பில் போட்டா லெண்டர் (கடன் கொடுக்கிற வங்கி) திருப்பி அனுப்புறாங்க, பிரிச்சுக் கொடுங்கன்னு. டைட்டில் கம்பெனியோ (வீடு கைமாறும்போது பத்திரத்தையும் பணத்தையும் கையாளுறவங்க) டபிள்யூ-9 (வரி எண் சொல்ற ஃபாரம்) இல்லாம செக் கிடையாதுங்கறாங்க. பில் யார் பேருக்குப் போடணும்: வாங்குறவரா, லெண்டரா, யு.எஸ்.டி.ஏ-வா? காசை குளோசிங்ல (வீடு கைமாறுற அன்னைக்கு) வாங்கிக்கிறது சரியா? ரிப்பேர் முடிஞ்சப்புறம் மறுபடி போய்ப் பாக்குறதுக்கு எப்படி பில் போடுறது? அரசாங்கக் கடன்னா சாம் டாட் கவ்-ல (அரசு ஒப்பந்ததாரர் பதிவுத் தளம்) பதிவு பண்ணியே ஆகணும்னு காசு கேட்டு மெயில் வேற வருது. அது நிஜமா?

பழைய_ஃபைல் பதில்:

502 என்ற ஒரே சட்டப் பிரிவு எண்ணுக்குக் கீழே இரண்டு கடன்கள் இருக்கின்றன. கேரன்டீட் கடனில் பணம் வங்கியுடையது, யு.எஸ்.டி.ஏ 90 சதவீதம் வரை உத்தரவாதம் மட்டும் நிற்கும். டைரக்ட் கடனில் பணமே யு.எஸ்.டி.ஏ-வுடையது. வாங்குபவர் இரண்டையுமே "யு.எஸ்.டி.ஏ லோன்" என்றுதான் சொல்வார். புக்கிங் எடுக்கும்போதே எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் வேலை யாருக்குத் தேவைப்படுகிறது என்பது அங்கேயே மாறிவிடுகிறது.

கேரன்டீடில், பழைய வீடு ஹட் (அமெரிக்க வீட்டு வசதித் துறை) 4000.1 கையேட்டின் குறைந்தபட்சத் தரத்தில் இருக்கிறது என்று எஃப்.எச்.ஏ (ஹட்டின் வீட்டுக் கடன் பிரிவு) பட்டியலில் உள்ள அப்ரைசரே (வீட்டு மதிப்பீட்டாளர்) எழுதிக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்துவிட்டால் நீங்கள் செய்யும் முழு வீட்டு இன்ஸ்பெக்ஷன் வாங்குபவர் தன் நிம்மதிக்காகச் செய்துகொள்வது, அவ்வளவுதான். கிணற்று நீர்ப் பரிசோதனை அப்படியல்ல, அது கடனுக்கே வேண்டியது. செப்டிக்கை அப்ரைசர் சந்தேகப்பட்டாலோ லெண்டர் கேட்டாலோ பார்க்க வேண்டும். டைரக்டில் கதையே வேறு: கரையான், குழாயும் கழிவுநீரும், ஹீட்டிங்-ஏசி, மின்சாரம், கட்டட உறுதி எல்லாவற்றையும் தொடும் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் ஃபைலில் இல்லாமல் நகராது.

இரண்டிலும் பில் வாங்குபவர் பேருக்குத்தான். யு.எஸ்.டி.ஏ உங்கள் வாடிக்கையாளர் அல்ல. லெண்டரும் அல்ல, அவர்களே எழுத்தில் ஆர்டர் கொடுத்தால் தவிர. பெயர் கான்ட்ராக்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நம் ஆட்களிடம் இது தனித் தலைவலி: கான்ட்ராக்டில் அப்பா பெயர் முழுதாகக் கடைசிப் பெயராக நிற்கும், உங்களுக்கு வரும் டெக்ஸ்டிலோ இனிஷியல் மட்டும் இருக்கும். கணவன் மனைவி இருவர் கடன் என்றால் இரண்டு பெயரும் வேண்டும்.

அந்த 910 டாலரையே பிரித்துக் காட்டுகிறேன் (தொகைகள் உதாரணத்துக்கு):

முழு வீட்டு இன்ஸ்பெக்ஷன், வாங்குபவர் கேட்டது – 425
செப்டிக் இன்ஸ்பெக்ஷன், லெண்டர் கேட்டது – 250
கிணற்று நீர் சாம்பிள் எடுப்பு, லெண்டர் கேட்டது – 75
லேப் கட்டணம், லேப் ரசீதுப்படி – 60
கரையான் ரிப்போர்ட், வாங்குபவர் கேட்டது – 100

மேலே பில் எண், பில் தேதி, இன்ஸ்பெக்ஷன் நடந்த தேதி, வீட்டு முகவரி, லைசென்ஸ் எண். டெக்சாஸில் கரையான் ரிப்போர்ட்டுக்கு மாநில வேளாண் துறையின் லைசென்ஸ் தனி. அந்த எண்ணை அந்த வரியிலேயே போடுங்கள். கரையானையோ செப்டிக்கையோ வேறொருவர் பார்த்தால் அவர் பில் அவர் பேரில் போகட்டும். உங்கள் பில்லில் ஏற்றினால் குளோசிங் தாளில் பணம் பெறுபவர் பெயர் தப்பாகிவிடும்.

முழு வீட்டு வரிக்கு "யு.எஸ்.டி.ஏ இன்ஸ்பெக்ஷன்" என்று பெயர் வைக்காதீர்கள். அந்த வார்த்தையைப் பார்த்ததும் அண்டர்ரைட்டர் (கடனை ஆராய்ந்து ஒப்புதல் தருபவர்) ரிப்போர்ட்டைக் கேட்பார். கைக்கு வந்த ரிப்போர்ட்டைப் பார்க்காததுபோல் அவரால் இருக்க முடியாது. வாங்குபவர் தனக்காக எடுத்த அறுபது பக்கத்தில் உள்ள சின்னக் குறைகளும் கடன் நிபந்தனையாக வந்து நிற்கும். லெண்டர் கேட்ட செப்டிக், நீர் ரிப்போர்ட்களைத் தனித்தனி ஃபைலாகவே கொடுங்கள்.

லோன்_மேசை பதில்:

ஏன் பிரிக்கச் சொல்றோம்னு லெண்டர் பக்கத்திலிருந்து சொல்றேன். குளோசிங் டிஸ்க்ளோஷர்ல (கடைசிச் செலவுக் கணக்குத் தாள்) ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு பிரிவு உண்டு. வாங்குறவர் தானா செஞ்சுக்கிட்ட இன்ஸ்பெக்ஷன் 'எச்'. நாங்க கேட்டு, ஆளை அவரே வெளியில தேடிப் பிடிச்சா 'சி'. நாங்க கொடுத்த பட்டியல்ல இருந்து எடுத்தாலும், தேர்ந்தெடுக்க விடாம நாங்களே ஆளைச் சொன்னாலும் 'பி'.

'எச்', 'சி' ரெண்டுலயும் தொகை கூடினா பெரிய வம்பு இல்ல. 'பி'ல அப்படி இல்ல. பட்டியல் ஆளுன்னா அந்த வகைக் கட்டணங்களோட மொத்தம் லோன் எஸ்டிமேட்டைவிட (ஆரம்பத்துல நாங்க கொடுக்கிற செலவு மதிப்பீடு) 10 சதவீதத்துக்கு மேல ஏறக்கூடாது. நாங்களே சொன்ன ஆளுன்னா ஒரு டாலர்கூட ஏறக்கூடாது. ஏறினா அது லெண்டர் கைக்காசு. ஒரே வரியில 910 வந்தா எதை எங்க வைக்கிறது?

ரீ-இன்ஸ்பெக்ஷன் பில்லுக்கு இவ்வளவு பேரம் நடக்கிறதும் இதனாலதான். லெண்டர் கேட்டா, போறதுக்கு முன்னாடியே தொகையை எழுத்தில் அனுப்பிடுங்க. நியாயமான புதுக் காரணம்னா, விஷயம் தெரிஞ்ச மூணு வேலை நாளுக்குள்ள எஸ்டிமேட்டைத் திருத்திக் கொடுக்கலாம். குளோசிங்குக்கு முந்தின நாள் 150 டாலர் பில் வந்தா கஷ்டம். அதுக்கு முன்னாடி இன்னொண்ணையும் கேட்டுக்குங்க: ரிப்பேர் முடிஞ்சதை அப்ரைசரே 1004டி ஃபாரத்துல எழுதித் தரப் போறாரான்னு. அப்படின்னா நீங்க போகவே வேண்டாம், வாங்குறவர் ரெண்டு பேருக்குக் காசு கொடுக்க வேண்டாம். ரீ-இன்ஸ்பெக்ஷனுக்குப் புது பில் எண் போடுங்க. பழைய பில்லைத் திருத்தி அதே எண்ணுல அனுப்பினா ஃபைல்ல ரெண்டு தொகையோட ஒரே பில் நிக்கும்.

முன்னாடியே காசு வாங்கிட்டீங்கன்னா, வாங்கின தேதி, கார்டா செக்கா, பாக்கி 0 மூணும் தெரியற ரசீது கொடுங்க. கேரன்டீட் கடன்ல குளோசிங் அன்னைக்கு வாங்குறவர் கைக்குப் பணம் திரும்பணும்னா, அது அவர் ஏற்கெனவே கையிலிருந்து போட்டதுக்கு மட்டும்தான். விற்பவர் சலுகையா கொடுக்கிறது (விலையில 6 சதவீதம் வரை) அந்தச் செலவை ஈடுகட்ட வந்தாலும் சரி, அப்ரைசல் மதிப்பு விலையைவிடக் கூட இருந்து கடன்லயே சேர்த்தாலும் சரி, ஆதாரம் உங்க ரசீதுதான். "பெய்டு"ன்னு பேனாவுல கிறுக்கின பில் செல்லாது.

கிணற்றடி பதில்:

நீர் சாம்பிள் வரியை அண்ணன் லேசாச் சொல்லிட்டுப் போயிட்டார். பில் தகராறுல பாதி அங்கதான்.

பாக்டீரியா சாம்பிளுக்கு லேப் கொடுக்கிற 100 மில்லி ஸ்டெரைல் பாட்டில். உள்ள குளோரினை முறிக்கிற தூள் இருக்கும், கழுவிடக் கூடாது. குழாய் முனையில உள்ள வலையைக் கழட்டி, தண்ணியைச் சில நிமிஷம் ஓட விட்டுப் பிடிக்கணும். ஐஸ்ல வச்சு 30 மணி நேரத்துக்குள்ள லேப்ல சோதனை ஆரம்பிக்கணும். சில லேப் 24-ன்னே சொல்லும். வெள்ளிக்கிழமை மதியம் பிடிச்சா சனிக்கிழமை லேப் பூட்டியிருக்கும், சாம்பிள் வீண். ரெண்டாவது நடைக்கு யார் காசுன்னு அப்ப பேசினா சண்டைதான். என் கணக்கு இது: நேரம் தவறினா இன்ஸ்பெக்டர் செலவு, கோலிஃபார்ம் பாக்டீரியா வந்து, கிணத்துக்கு குளோரின் போட்டு மறுபடி பிடிச்சா புது பில். ரெண்டையும் அக்ரிமென்டுலயே எழுதிடுங்க.

பாட்டிலை வாங்குறவரோ, விக்கிறவரோ, ஏஜென்ட்டோ தொடக் கூடாது. சம்பந்தமில்லாத மூணாவது ஆள்தான் எடுக்கணும், லேப் தாள்ல அவர் கையெழுத்து இருக்கணும். பில்லுல சாம்பிள் எடுத்தவர் பேரும் அந்தத் தாள்ல உள்ள பேரும் ஒண்ணா இருக்கட்டும். எதெதைச் சோதிக்கணும்கிறதை லெண்டர்கிட்ட எழுத்துல வாங்கிக்குங்க. கோலிஃபார்ம் மட்டும் பண்ணிட்டு வந்தப்புறம் நைட்ரேட், லெட் வேணும்னா இன்னொரு நடை.

அங்க போன கையோட கிணத்துக்கும் செப்டிக்குக்கும் டேப் பிடிச்சிடுங்க. ஹட் கணக்குல கிணறு, செப்டிக் டேங்க்கிலிருந்து குறைஞ்சது 50 அடி, டிரெயின் ஃபீல்டுலிருந்து (கழிவுநீர் மண்ணுல இறங்குற இடம்) 100 அடி, எல்லைக்கோட்டிலிருந்து 10 அடி தள்ளி இருக்கணும். அளவை செப்டிக் ரிப்போர்ட்டுல எழுதிட்டா, அதுக்குன்னு ஒரு நடையும் ஒரு பில்லும் மிச்சம்.

டெக்சாஸ்_ஏணி:

ரொம்ப நன்றி. குளோசிங்ல காசு வாங்குறது, சாம், டபிள்யூ-9 மூணும் பாக்கி. அப்புறம் புதுசாக் கட்டுற வீடு ஒண்ணு வந்திருக்கு, மூணு தடவை வரணும்கிறாங்க. அதுக்கு ஒரே பில்லா?

பழைய_ஃபைல் பதில்:

குளோசிங்கில் வாங்குவது தப்பில்லை, ஆனால் நிபந்தனை கூடாது. "வீடு கைமாறினால்தான் கட்டணம்" என்ற ஏற்பாட்டை ஆஷி (ஹோம் இன்ஸ்பெக்டர்கள் சங்கம்) நெறிமுறை தடுக்கிறது. விற்பனை முடிந்தால்தான் காசு என்றால் குறையை எழுதும் கை தயங்கும் என்பதுதான் காரணம். அக்ரிமென்டில் இப்படி எழுதுங்கள்: "குளோசிங் நடந்தாலும் நடக்காவிட்டாலும், இன்ஸ்பெக்ஷன் நாளிலிருந்து 30 நாளுக்குள் முழுத் தொகையும் வாங்குபவர் பொறுப்பு." டைரக்ட் கடனில் இந்த வசதியையே கொடுக்காதீர்கள். அரசு நிதி ஒதுக்கீடு வரும்வரை விண்ணப்பங்கள் வரிசையில் நிற்கும். உங்கள் பில்லும் கூடவே நிற்கும்.

ஏஜென்ட் பேரில் "ரெஃபரல்" என்று தள்ளுபடி வரியோ கமிஷன் வரியோ வேண்டாம். ரெஸ்பா சட்டத்தின் (வீட்டுக் கடன் குளோசிங் நடைமுறைச் சட்டம்) 8ஆம் பிரிவு ஆள் அனுப்பியதற்குக் காசு கொடுப்பதையும், செய்யாத வேலைக்குக் கட்டணம் பிரிப்பதையும் தடை செய்கிறது.

டபிள்யூ-9: ஒரே உரிமையாளர் எல்.எல்.சி என்றால் முதல் வரியில் உங்கள் சொந்தப் பெயர், இரண்டாம் வரியில் கம்பெனி பெயர். இதைத் தலைகீழாக எழுதுவதால்தான் பல செக்குகள் நின்றுபோகின்றன. பில்லிலும் கம்பெனி பெயர் அந்த இரண்டாம் வரியில் உள்ளதுபோலவே இருக்கட்டும். எஸ்.எஸ்.என்-ஐ (சோஷியல் செக்யூரிட்டி எண்) பில்லில் போட வேண்டாம். டபிள்யூ-9-ஐ டைட்டில் கம்பெனியின் பாதுகாப்பான லிங்க்கில் ஏற்றுங்கள், சாதா மெயிலில் வேண்டாம்.

சாம்: வாங்குபவருக்கு வேலை செய்யும் உங்களுக்குத் தேவையே இல்லை. ரூரல் டெவலப்மென்ட் உங்களோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டால்தான் அது. அந்தப் பதிவும் இலவசம். காசு கேட்டு வரும் மெயிலை அழித்துவிடுங்கள். அப்படி ஒப்பந்தம் வந்தால் பில்லும் வேறு வழியில் போகும்: கருவூலத்தின் ஐ.பி.பி என்ற பில் தளத்தில், ஒப்பந்த எண்ணோடு. குறை இருந்தால் 7 நாளுக்குள் திருப்புவார்கள், சரியாக இருந்தால் 30 நாளில் பணம்.

புது வீட்டுக்கு மூன்று பில். முதல் வருகை அஸ்திவாரம் ஊற்றத் தயாராக இருக்கும்போது, மண் மூடுவதற்கு முன். இரண்டாவது கூடு எழும்பி, வயரும் பைப்பும் டக்ட்டும் கண்ணுக்குத் தெரியும்போது. மூன்றாவது எல்லாம் முடிந்து, குடிபோகும் முன். பில்டர் ஒரு வருட வாரன்டி கொடுக்கும் வழி இது. 10 வருட இன்ஷூரன்ஸ் வாரன்டி இருந்தால் கடைசி வருகை மட்டும் போதும். உள்ளூர் அலுவலகமே மூன்று கட்டமும் பார்த்துக் குடிபோகலாம் என்ற சான்றிதழ் தருகிறதா என்று முதலில் கேளுங்கள். தருகிறது என்றால் கடனுக்காக நீங்கள் போக வேண்டியதே இல்லை.

ஒவ்வொரு பில்லிலும் கட்டத்தின் பெயரும் போன தேதியும் வேண்டும், தேதி அந்தந்தக் கட்டத்தின் ரிப்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். சுவர் மூடிய பிறகு கூப்பிட்டு, "ரெண்டாவது கட்டம்னு போட்டுக் கொடுங்க" என்பார்கள். போடாதீர்கள், போன வருகைக்கு "தாமத வருகை, வயரிங் பார்க்க முடியவில்லை" என்று எழுதி அதற்கான பில் மட்டும் கொடுங்கள்.