பாம்பனில் அடிக்கும் காற்று எர்த் நல்ஸ்கூல் தளத்தில் "நேரலை"யா?

பாம்பன் பாலத்தான்:
"இணையத்தில் பார்த்தே ஆக வேண்டிய வித்தியாசமான தளங்கள்" என்று தொண்டி முத்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். அதில் உலகக் காற்றோட்டத்தை வரைபடமாகக் காட்டும் எர்த் நல்ஸ்கூல் பற்றி, "பாம்பனில் இந்த நிமிடம் அடிக்கும் காற்றை நேரலையில் பார்க்கலாம்" என்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அது நேரலையே இல்லை. அமெரிக்க வானிலைத் துறையின் ஜிஎஃப்எஸ் கணினி மாதிரி கணித்துத் தருவதைத்தான் அங்கே கோடு கோடாக ஓட விடுகிறார்கள். தளத்தின் படத்தை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கிறார்கள். கடலுக்குப் போகிற பிள்ளைகள் படிக்கிற இடத்தில் இப்படியா எழுதுவது?

தொண்டி முத்து:
அண்ணே, அத்தனை தளம் சொன்னேன், உங்களுக்கு அந்த ஒரு வரிதான் கண்ணில் பட்டதா? கேமரூன் பெக்காரியோ என்ற ஒற்றை ஆள் 2013இல் உருவாக்கிய தளம் அது. வங்கக் கடலில் புயல் வரும்போது திறந்து பாருங்கள். காற்றுக் கோடுகள் நாலு பக்கமும் வளைந்து வந்து ஒரு புள்ளியைச் சுற்றும். கண்ணை எடுக்க முடியாது.

பாம்பன் பாலத்தான்:
அழகாக இல்லை என்று நான் சொன்னேனா? நேரலையா, இல்லையா? அதற்குப் பதில் வரட்டும்.

மண்டபம் செல்வி:
எங்கள் வீட்டில் விண்டி என்ற வானிலைத் தளத்தைத்தான் பார்ப்பார்கள். ஐரோப்பிய மாதிரி, அமெரிக்க மாதிரி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

பாம்பன் பாலத்தான்:
அதுவும் கணிப்புதான் தங்கச்சி. நல்ஸ்கூலில் பாம்பனைத் தொட்டால் பச்சை வட்டம் விழுந்து, மூலையில் திசையும் வேகமும் வரும். உடனே நம்பிவிடுகிறார்கள். பாம்பனில் யாரும் நின்று அளந்த காற்று இல்லை அது. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் அந்த மாதிரி கணக்குப் போடும்; அதில் நம் தீவு முழுவதற்கும் ஒன்றிரண்டு கட்டம்தான் தேறும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா, கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கிறார்களா என்று பார்ப்பவனுக்கு நேரலை என்று ஏன் கதை விடுகிறீர்கள்?

தொண்டி முத்து:
நான் டோக்கனைப் பற்றிப் பேசவே இல்லை. போன தடவை, கப்பல்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் மரைன்டிராஃபிக்கில் நம்ம ஊர்ப் படகுகள் தெரியவில்லை, டுபாக்கூர் தளம் என்று குதித்தவர் நீங்கள்தானே? தான் இருக்கும் இடத்தை வானொலி அலையில் அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி இல்லாத படகு அதில் எப்படித் தெரியும்? பெரிய கப்பல்கள் இலங்கைக்குத் தெற்கே சுற்றிக்கொண்டு வரிசையாகப் போவதைக் காட்டும் தளம் அது.

பாம்பன் பாலத்தான்:
பேச்சை மாற்றாதீர்கள். நேரலையா, இல்லையா?

கீழக்கரை காக்கா:
இரண்டு பேரும் காற்றை விடுங்கப்பா. நீல் டாட் ஃபன் தளத்தில் ஆழ்கடல் பக்கத்தைப் பாருங்கள். விரலால் தள்ளத் தள்ள கீழே கீழே போகும், ஒவ்வொரு ஆழத்திலும் அங்கே வாழும் உயிர் வரும். கிட்டத்தட்ட 11,000 மீட்டர் போனால்தான் தரை. முத்துக் குளித்த மன்னார் வளைகுடாக்காரனுக்கு அதன் அருமை தெரியும். பாக் நீரிணைக்காரருக்கு அதில் என்ன வேலை? முதல் தள்ளிலேயே தரை தட்டிவிடுமே.

தொண்டி முத்து:
காக்கா, ஆழம் இருந்தால்தான் கடலா? எங்கள் கடலில் கிடைக்கும் இறால் உங்கள் பக்கம் கிடைக்குமா?

கீழக்கரை காக்கா:
கிடைக்காமல் என்ன? பவளப்பாறை உங்களிடம் எவ்வளவு இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். இங்கே 21 தீவு இருக்கிறது.

மண்டபம் செல்வி:
மண்டபத்தில் இரண்டு கடலும் இருக்கிறது. யாரும் பெருமை அடிக்க வேண்டாம்.

பாம்பன் பாலத்தான்:
இறாலும் பவளமும் இங்கே யார் கேட்டது? முத்து இன்னும் அந்த வரியை மாற்றவில்லை. ஜிஎஃப்எஸ் ஒரு நாளைக்கு நாலு தடவை ஓடும் கணிப்பு. நேரலை இல்லை.

தொண்டி முத்து:
மாற்ற மாட்டேன். பார்க்கிறவனுக்கு நேரலை மாதிரிதான் தெரிகிறது.

பாம்பன் பாலத்தான்:
"மாதிரி" என்று இப்போது புதிதாகச் சேர்க்கிறீர்கள். பட்டியலில் அது எங்கே இருக்கிறது?

கீழக்கரை காக்கா:
செல்வி, மண்டபத்தில் இரண்டு கடல் இருந்தாலும் முத்துச்சிப்பி எந்தப் பக்கம் எடுத்தார்கள்? அதைச் சொல்லும்மா.