வெயில் அப்படியே இருக்கு, ஏரி மட்டும் ரெண்டே நாளில் 7 டிகிரி இறங்குது: எப்படிக் கணிப்பது?

கேள்வி: ஐந்துகிலோ

வணக்கம் நண்பர்களே. 5 கி.மீ. திறந்தநீர் நீச்சலுக்கான பயிற்சி ஒரு பெரிய ஏரியில். வட அரைக்கோளம், ஏரி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது, நடுவில் 100 மீட்டருக்கு மேல் ஆழம். நீந்துவது மேற்குக் கரையில்.

நடுக்கோடையில் தண்ணீர் 21 டிகிரி காட்டுகிறது. இரண்டு நாள் கழித்து அதே இடம், அதே நேரம், அதே வெயில், ஆனால் 14. அதற்கடுத்த நாள் 17. ஒரே நீச்சலுக்குள்ளேயே 200 மீட்டர் வெதுவெதுப்பாக இருக்கும், அடுத்த 50 மீட்டர் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்ட மாதிரி.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? வெட்சூட்டை (குளிர் தாங்கும் ரப்பர் நீச்சல் உடை) எந்த எண்ணை வைத்து முடிவு செய்வது? வாட்ச் காட்டும் டிகிரிக்கும் உடம்புக்குத் தெரிவதற்கும் சம்பந்தமே இல்லை, எதை நம்புவது? "எத்தனை டிகிரியோ அத்தனை நிமிஷம்" என்ற கணக்கு சரிதானா? நீச்சல் குளத்தில் 5 கி.மீ. நிற்காமல் போகுமளவு தகுதி இருக்கிறது.

பதில் 1: மதகடி

வெயிலை விடுங்கள், காற்றைப் பாருங்கள். அதுவும் இன்றைய காற்றை அல்ல, நேற்றும் முந்தாநாளும் அடித்ததை.

ஆழமான ஏரி கோடையில் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேலே வெயில் வாங்கிய லேசான நீர். கீழே குளிர்ந்த, கனமான நீர். நன்னீருக்கு 4 டிகிரியில்தான் அடர்த்தி அதிகம் என்பதால், குளிர்நாடுகளின் ஆழமான ஏரிகளில் நடுக்கோடையிலும் அடியில் 4, 5 டிகிரிதான் இருக்கும். இரண்டுக்கும் இடையில் சில மீட்டருக்குள் வெப்பநிலை மடமடவென்று இறங்கும் ஒரு பட்டை.

காற்று ஒரே திசையில் ஒரு நாள், ஒன்றரை நாள் விடாமல் அடித்தால் மேல் அடுக்கைத் தள்ளிக்கொண்டு போய்விடும். எந்தக் கரையை விட்டு அது விலகுகிறதோ அங்கே கீழ்நீர் மேலேறும். உங்கள் 14 அதுதான். முந்தாநாள் நீங்கள் நீந்திய தண்ணீர் இப்போது நடு ஏரியிலோ எதிர்க்கரையிலோ இருக்கிறது.

கரையிலிருந்து ஏரியை நோக்கி அடிக்கும் காற்று இதைச் செய்யும் என்பது எல்லோருக்கும் புரியும். பெரிய ஏரியில் இன்னொன்றும் உண்டு. பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் மேல்நீர் காற்றின் போக்குக்கு வலப்பக்கமாக ஒதுங்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கரை இடக்கைப் பக்கம் இருந்தால், மேல்நீர் கரையை விட்டு விலகப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தென் அரைக்கோளத்தில் இது தலைகீழ். உங்களுக்கு மேற்குக் கரை என்றால், தெற்கிலிருந்து வரும் காற்றுதான் வில்லன். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் இதே கதைதான்: தெற்குக் காற்று வெப்பத்தைக் கொண்டுவரும், ஊரே வியர்க்கும், கரையோரத் தண்ணீர் மட்டும் சில்லிட்டுக் கிடக்கும். தென்றல் என்று பெயர் வைத்தவர்கள் அந்த ஏரியில் இறங்கியிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் 17 வந்ததற்கும் காரணம் உண்டு. காற்று ஓய்ந்ததும் சாய்ந்திருந்த அடுக்கு திரும்பி வரும், ஆனால் ஒரே அடியாக நிலைக்கு வராது. தாம்பாளத்தில் தண்ணீரைச் சாய்த்து நிமிர்த்தினால் இங்கும் அங்கும் அலைபாயுமே, அந்த மாதிரி அடுக்கே உள்ளுக்குள் ஊசலாடும். ஏரியின் அளவைப் பொறுத்து ஒரு ஊசலுக்குச் சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். அதனால் காற்றே இல்லாத நாளிலும் குளிர்ந்த நீர் வரும். "இன்றைக்குத்தான் காற்றே இல்லையே" என்று இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பருவமும் முக்கியம். கோடைத் தொடக்கத்தில் சூடான அடுக்கு மெலிசு, சிறு காற்றே அதைப் பெயர்த்துவிடும். கோடை முடிவில் அது தடித்திருக்கும், அசைக்கப் பெரிய காற்று வேண்டும். வட அமெரிக்காவின் ஒன்டாரியோ ஏரியை முதன்முதலில் நீந்திக் கடந்த கனடா வீராங்கனை மேரிலின் பெல் இறங்கியது 1954 செப்டம்பரில். 16 வயது, ஏறக்குறைய 21 மணி நேரம் தண்ணீரில். வசந்தத்தில் அதே மாதிரி ஏரிகளில் நிலைமை வேறு: கரையோரம் 10, 12 டிகிரி இருக்கும்போதே கொஞ்ச தூரம் உள்ளே போனால் சுவர் வைத்த மாதிரி 4 டிகிரி தொடங்கும். அந்த எல்லை வாரக்கணக்கில் மெல்ல உள்ளே நகர்ந்து பிறகுதான் மறையும்.

கரையில் நின்றே பார்க்கக்கூடிய அடையாளம் இரண்டு. வழக்கமாகக் கலங்கலாக இருக்கும் தண்ணீர் திடீரென்று அடிவரை தெளிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். வெக்கையான நாளில் நீர்ப்பரப்பை ஒட்டி மூடுபனி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அருகில் அளவீட்டு மிதவை இருந்தால் அதன் தற்போதைய எண்ணை மட்டும் பார்க்காமல் மூன்று நாள் வரைபடத்தைப் பாருங்கள். கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் ஏரி இன்னும் அடங்கவில்லை.

பதில் 2: சுழிநீர்

மதகடி சொன்னதோடு அளவெடுப்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். வாட்ச் மணிக்கட்டில் ஒட்டியிருப்பதால் உடம்புச் சூட்டையும் கலந்துதான் காட்டும். வெட்சூட் கைக்குள் போய்விட்டால் இன்னும் மோசம். அதோடு, மாற்றத்தைப் பிடிக்க அதற்குச் சில நிமிடம் ஆகும். 50 மீட்டர் குளிர்ப்பட்டையை ஒரு நிமிடத்தில் தாண்டிவிடுவீர்கள், வாட்ச் அதைப் பார்த்திருக்கவே பார்த்திருக்காது.

மீன் தொட்டிக்கு விற்கிற, நீள ஒயரும் முனையில் சென்சாரும் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். ஒயர் 2 மீட்டராவது வேண்டும். சென்சாருக்குப் பக்கத்தில் ஒரு ஈயக்குண்டு கட்டுங்கள். சென்சாரிலிருந்து 40 செ.மீ., 1 மீ., 2 மீ. தூரங்களில் கலர் டேப் சுற்றுங்கள். படகுத்துறையின் கடைசி முனையிலிருந்து இறக்கி, ஒவ்வொரு அடையாளத்திலும் எண் அசையாமல் நிற்கும்வரை, சுமார் 2 நிமிடம், பொறுத்துப் படியுங்கள். கணுக்கால் ஆழத்தில் அளக்காதீர்கள், அது வெயிலில் காய்ந்த தரையின் சூடு. 40 செ.மீ. கணக்கு என்னுடையது அல்ல. உலக நீச்சல் கூட்டமைப்பான வேர்ல்ட் அக்வாடிக்ஸின் போட்டி விதி, போட்டி நாளன்று தொடங்குவதற்கு 2 மணி நேரம் முன்பு, பாதையின் நடுவில், 40 செ.மீ. ஆழத்தில் அளக்கச் சொல்கிறது. 16க்குக் கீழும் 31க்கு மேலும் அவர்கள் போட்டி நடத்துவதில்லை.

40 செ.மீ.க்கும் 2 மீட்டருக்கும் வித்தியாசம் 3 டிகிரிக்கு மேல் போனால் சூடு வெறும் மேல்பூச்சுதான். கொஞ்சம் அலையடித்தால் கலந்துவிடும். அன்றைக்கு 2 மீட்டரில் கண்ட எண்ணையே தண்ணீரின் வெப்பநிலையாக எடுத்துக்கொள்ளுங்கள். வெட்சூட் முடிவும் அந்தக் கீழ் எண்ணை வைத்துத்தான். சூடானால் வெட்சூட்டின் கழுத்தை இழுத்துத் தண்ணீரை உள்ளே விட்டுக் குளிரவைக்கலாம். குளிர்ந்தால் நடு ஏரியில் போட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது. 14 வரக்கூடிய ஏரியில் முழுக்கை சூட், மார்பில் 3 முதல் 5 மி.மீ., தோளில் அதைவிட மெல்லியது. அதோடு வெட்சூட் துணியான நியோப்ரீனில் செய்த தொப்பி. கழுத்து இறுக்கமான சூட் குளிர்ந்த நீரில் மூச்சை அடைப்பதுபோல் தோன்றி பயத்தைக் கிளப்பும், அதனால் புது சூட்டை முதல்முறை சூடான நாளில் போட்டுப் பாருங்கள்.

"எத்தனை டிகிரியோ அத்தனை நிமிஷம்" என்பது புதியவர்களை அடக்கிவைக்கச் சொல்லும் பேச்சு. 21க்கு 21 நிமிடம் என்று கணக்குப் போட்டு இறங்கி, 10ஆவது நிமிடம் 14 வந்தால் அந்தக் கணக்கு எங்கே போகும்?

இறங்கும்போது குதிக்காதீர்கள். இடுப்பளவு நீரில் நின்று முகத்திலும் பிடரியிலும் தண்ணீர் அடித்துக்கொண்டு, வாயைத் தண்ணீருக்குள் வைத்து நீளமாக மூச்சு விடுங்கள். குளிர்நீர் பட்டதும் வரும் அந்த "ஹக்" மூச்சும் படபடப்பும் முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய் 2, 3 நிமிடத்தில் அடங்கும். நீச்சலுக்கு நடுவே குளிர்ப்பட்டையில் நுழைந்தாலும் லேசாக அதேதான் நடக்கும். அங்கே வேகம் கூட்டித் தப்பிக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. மல்லாந்து மிதந்து, மூச்சு சீரானதும் முடிவெடுங்கள். முந்தைய வாரங்களில் குளிர்ந்த நீரில் 3 நிமிடம் வீதம் ஐந்தாறு முறை முங்கி எழுந்தாலே இந்த அதிர்ச்சி கணிசமாகக் குறையும். குளத்தில் 5 கி.மீ. போகிற தகுதி இதற்குப் பெரிதாக உதவாது, அது வேறு கணக்கு.

பதில் 3: துடுப்பு

கயாக்ல பக்கத்துல வர்றவங்க கோணத்துல சொல்றேன்.

முதல்ல ரூட். கரைக்கு இணையா 30, 50 மீட்டர் தள்ளிப் போங்க, எங்க வேணும்னாலும் ஏறிக்கலாம். "அந்த மிதவை வரைக்கும் போய்த் திரும்புவோம்"னு நேரா உள்ளே போற ரூட், இந்த மாதிரி ஏரியில தனியாப் போறவங்களுக்கு ஆகாது. கரையிலிருந்து உள்ளே அடிக்கிற காற்றுக்கு ஒரு கெட்ட குணம்: கரையோரம் அலையே இருக்காது, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனா அதே காற்றுதான் குளிர்ந்த தண்ணியையும் மேல கொண்டுவரும், உங்களையும் உள்ளே தள்ளும். திரும்பும்போது எதிர்க்காற்று, விறைச்ச கை, ரெண்டும் சேர்ந்து வரும். டோ ஃப்ளோட் (இடுப்புல கட்டி இழுத்துட்டுப் போற கலர் மிதவை) கட்டுங்க, ஆனா அது படகுக்காரர் கண்ணுல படத்தான், உயிர்காக்கும் மிதவைன்னு நினைச்சுக்காதீங்க.

நீந்துறவருக்குத் தன் உடம்பு ஆறிப்போறது தெரியாது, "நல்லாத்தான் இருக்கேன்"னு கடைசி வரைக்கும் சொல்வார். அதனால எண்ணணும். முதல் 10 நிமிஷம் கழிச்சு 30 செகண்டுக்கு எத்தனை ஸ்ட்ரோக் (கைவீச்சு)னு எண்ணிக் குறிச்சு வைங்க. அப்புறம் 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை. 30 இருந்தது 27க்கு வந்தா பேச்சுக் கொடுங்க. சுண்டுவிரல் மத்த விரலை விட்டு விலகி நிக்குதா, கால் தாழ்ந்து உடம்பு சாய்வாப் போகுதான்னு பாருங்க. கட்டைவிரலால சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்க. முடியலைன்னா படகைப் பிடிக்கச் சொல்லிட வேண்டியதுதான். கேள்வி கேட்டா பதில் குழறினாலும் அதேதான். இருமல் நிக்காம வந்து, மூச்சு களகளன்னு கேட்டு, எச்சில் இளஞ்சிவப்பா நுரைச்சா அது குளிர் மட்டும் இல்ல, நுரையீரல்ல நீர் கோத்துக்குது. உடனே வெளியே, நிமிர்ந்து உட்கார வைங்க, ஆம்புலன்ஸ். யார் நிறுத்தறதுன்னு கரையிலேயே பேசி முடிச்சிடுங்க: படகுல இருக்கறவர் சொன்னா சொன்னதுதான், தண்ணியில வாதாடக் கூடாது.

ஒரு மணி நேரத்துக்கு மேல போனா 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை வெதுவெதுப்பா இனிப்புத் தண்ணி கொடுக்கலாம். பாட்டிலைக் கயிறு கட்டி வீசுங்க. இங்க ஒரு நுணுக்கம்: நிமிர்ந்து நின்னு காலை ஆட்டிக்கிட்டே குடிச்சா கால் கீழ் அடுக்குக்குப் போயிடும், மேல 20, பாதத்துல 15. கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கறது பெரும்பாலும் அப்பத்தான். மல்லாந்து மிதந்துகிட்டு ஒரு நிமிஷத்துக்குள்ள குடிச்சு முடிக்கணும்.

ஏறின பிறகு முதல் 10 நிமிஷம் தெம்பா இருக்கும், ஏமாந்திடாதீங்க. உடம்பின் உள்சூடு கரையேறின பிறகும் கொஞ்ச நேரம் இறங்கிக்கிட்டேதான் இருக்கும். அதுக்குள்ள ஈரத்தைக் கழட்டி, மேலுடம்புக்கு முதல்ல உடுத்துங்க. பையில துணியைப் போடுற வரிசையிலேயே அடுக்கி வைங்க, பனியன் மேல, செருப்பு அடியில. பொத்தான் வைச்ச சட்டை, இறுக்கமான சாக்ஸ் எதுவும் வேண்டாம், விறைச்ச விரலுக்கு அதெல்லாம் அகப்படாது. நடுக்கம் அடங்கற வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது.

பதில் 4: மதகடி

துடுப்பு சொன்னதோடு இரண்டு. ஏறியதும் சுடுநீர் ஷவருக்கு ஓடாதீர்கள். தோல் ரத்தக்குழாய் சட்டென்று விரிந்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும், அதுவும் ஈரத் தரையில். இன்னொன்று, உடம்பில் பூசும் கிரீஸ் குளிரைத் தடுக்கும் என்று இன்னும் நம்புகிறார்கள். அது அக்குள், கழுத்து, தொடை இடுக்கில் உராய்வுக்குத்தான். நீச்சல் கண்ணாடியில் பட்டால் துடைக்கவே முடியாது, அதனால் கண்ணாடியை மாட்டிவிட்டுப் பிறகு பூசுங்கள்.

ஐந்துகிலோ:

அனைவருக்கும் நன்றி. பழைய காற்றுப் பதிவைப் பார்த்தேன், 14 வந்த நாளுக்கு முன்பு ஒன்றரை நாள் தெற்குக் காற்றுதான்! இன்னும் ஒன்று: குளிர்ப்பட்டைக்குள் போனதும் தலை சுற்றி, எந்தப் பக்கம் கரை என்றே குழம்புகிறது. இதுவும் அந்த அதிர்ச்சிதானா?

சுழிநீர்:

இல்லை, அது காது. குளிர்ந்த நீர் ஒரு காதுக்குள் மட்டும் சட்டென்று புகுந்தால் உள்காதின் சமநிலை உறுப்பு ஏமாந்து, உடம்பு சுழல்வதாக மூளைக்குச் சொல்லும். ஒரே பக்கம் மூச்சு எடுப்பவர்களுக்கு இது அதிகம். காதுக்குள் புகுந்த தண்ணீர் சூடானதும் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். மெழுகு மாதிரி மென்மையான சிலிக்கான் அடைப்பானை இரண்டு காதிலும் வைத்து, தொப்பியைக் காதுமடல் மூடும்படி இழுத்துவிடுங்கள். அப்படியும் சுற்றினால் கண்ணைக் கரையில் ஒரு மரத்தின் மேல் நிறுத்திக்கொண்டு மிதங்கள், கண்ணை மூடினால் இன்னும் சுற்றும்.