மறு: எக்ஸ்போஷருக்கு ‘வெளிப்பாடு’ சரிதானா?

வணக்கம் ஐயா,

இதயநல முகாமில் கொடுக்கப்போகும் தாளுக்கு, ஆங்கில ‘எக்ஸ்போஷர்’ (ஒரு பொருள் உடம்புக்கு வந்து சேர்வது) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். நீங்கள் எழுதியிருந்தது:

> “ஆர்செனிக் வெளிப்பாடு இதயநோய் அபாயத்தைக் கூட்டும்” என்றே தாளில் போடலாம். அகராதியில் இருக்கும் சொல்தானே.

அகராதியில் இருக்கலாம். நேற்று இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், சாப்பாட்டுக் கடையில் எதிரே இருந்த பெரியவரிடம் இந்த வரியை வாசித்துக் காட்டினேன். தோட்டத்தில் பல வருடம் மருந்து அடித்தவர். “யாரு வெளிய விட்டது, ஃபேக்டரியா?” என்றார். அவர் மேல் தப்பில்லை. உள்ளே இருப்பது வெளியே வந்தால்தான் வெளிப்பாடு. நாம் சொல்ல வந்ததோ, வெளியே கிடப்பது உடம்புக்கு வந்து சேர்வதை.

அவர் வாயில் வந்த சொல் வேறு: “மருந்து பட்டுச்சு.” அவருடைய அப்பா காலத்தில் ரப்பர் தோட்டங்களில் லாலாங் புல்லைக் கொல்ல அடித்தது சோடியம் ஆர்செனைட், அதாவது ஆர்செனிக்கேதான். அப்புறம் வந்த பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கும் 2020இல் இங்கே தடை. கையில் தெறித்தாலும் மூச்சோடு போனாலும் அவர்களுக்கு ‘பட்டுச்சு’தான். வெயில் படும், காற்று படும், கண்ணும் படும். ஆகவே என் முன்மொழிவு ‘படுதல்’. எவ்வளவு என்பதற்குப் ‘பட்ட அளவு’.

> குறளில் தொடுவுணர்வுக்கு வரும் ‘ஊறு’ இருக்கிறதே?

அழகான சொல், விடவே மனமில்லை. ஆனால் இன்று ஊறு என்றால் தீங்கு. ஈயம், காட்மியம், ஆர்செனிக் மூன்றும் இதய, ரத்தக்குழாய் நோய்க்கான அபாயக் காரணிகள் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2023இல் அறிவித்ததே, அங்கே ஊறு பொருந்தும். செலினியத்தை என்ன செய்வது? சீனாவின் கேஷானில் 1935இல் கவனத்துக்கு வந்த இதயத்தசை நோய்க்கு முக்கியக் காரணம், மண்ணிலும் அதனால் சாப்பாட்டிலும் செலினியம் போதாமல் போனது. அதுவே மிதமிஞ்சினால் முடி கொட்டும், நகம் உதிரும். கோபால்ட்டும் அப்படித்தான். பி12 வைட்டமினுக்குள் இருப்பதே அதுதான். ஆனால் 1960களில் கியூபெக்கில் பியர் நுரை நிற்பதற்காக அதன் உப்பைச் சேர்த்தபோது, நிறையக் குடித்தவர்களின் இதயம் பழுதானது. பட்டதா என்பது ஒரு கேள்வி, கெடுத்ததா என்பது இன்னொரு கேள்வி. ஊறு முதல் கேள்வியிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

‘உட்கொள்ளல்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதை உடம்புக்குள் போனதற்கு மட்டும் தனியாக வைத்துக்கொள்வோம். குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நீரில் இருப்பதை வைத்துப் பட்ட அளவை மதிப்பிடலாம். சிறுநீரில் தெரிவது உள்ளே போனதில் ஒரு பங்கு. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் அட்டவணை குழம்பிவிடும்.

மிகச் சிறிய அளவில் மட்டும் இருக்கும் தனிமத்தை (டிரேஸ் எலிமென்ட்) ‘சுவடு தனிமம்’ என்பதற்குப் பதில் ‘இம்மித் தனிமம்’ என்பதற்கே என் ஓட்டு. சுவடு என்றால் காலடித் தடம்தான் நினைவுக்கு வருகிறது. பழைய தமிழ்ப் பின்னக் கணக்கில் முந்திரியே 1/320; இம்மி அதைவிட எத்தனையோ மடங்கு சிறியது. சரி, அது முடிந்தது.

சிக்கல் ஒன்று மிச்சம். படுதலுக்கு உள்ளான ஆட்களை எப்படிச் சொல்வது? ‘பட்டோர்’ என்று எழுதிப் பார்த்தேன். நடுகல்லில் ‘பட்டான்’ என்றால் செத்தான். இங்கே பால்மரக் காட்டிலும் பட்ட மரம் என்றால் காய்ந்துபோன மரம். உயிரோடு இருப்பவர்களிடம் அந்தத் தாளை நீட்ட முடியாது. கோயில் மண்டபத்தில் இதயநல முகாம் ஞாயிற்றுக்கிழமை, அச்சுக்கு வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும். யாருக்காவது சொல் தோன்றினால் எழுதுங்கள்.