பார்க்கிங் லாட்டில் கார் இடித்தால் டிராஃபிக்கா, நான்-டிராஃபிக்கா? எரர் வாங்கிவிட்டேன், உதவுங்கள்

கவிதா:
வணக்கம். அமெரிக்க இடி (மருத்துவமனை அவசரப் பிரிவு) சார்ட் கோடிங்குக்கு, அதாவது நோயாளியின் காயத்தையும் அதன் காரணத்தையும் ஐசிடி-10-சிஎம் கோடுகளாக மாற்றும் வேலைக்கு, வந்து நான்கு மாதம் ஆகிறது. நேற்று ஒரு சார்ட்டில் எரர் போட்டிருக்கிறார்கள். ரிபட்டல் (மறுப்பு) அனுப்ப நாளை மதியம் வரைதான் நேரம். அனுப்பலாமா வேண்டாமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நோயாளி 34 வயதுப் பெண். எச்பிஐ (டாக்டர் எழுதும் நோய் விவரம்) முதல் வரியில் ‘எம்விசி, கழுத்து வலி’ என்று மட்டும்தான்; எம்விசி என்றால் வாகன மோதல். மூன்று வரி தள்ளி டாக்டரே விவரம் எழுதியிருக்கிறார்: மளிகைக் கடையின் பார்க்கிங் லாட்டில் இடம் தேடி மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார், ரிவர்ஸ் எடுத்த இன்னொரு செடான் கார் வந்து இடித்தது, சீட் பெல்ட் போட்டிருந்தார், ஏர்பேக் விரியவில்லை. கழுத்துச் சுளுக்கு என்று எஸ்13.4எக்ஸ்எக்ஸ்ஏ கொடுத்தேன். அதில் பிரச்சினை இல்லை. வெளிக்காரணத்துக்கு (எப்படி அடிபட்டார் என்பதற்கு) வி43.52எக்ஸ்ஏ, அதாவது டிராஃபிக் விபத்தில் இன்னொரு கார் மோதி அடிபட்ட கார் டிரைவர் என்றும், இடத்துக்கு ஒய்92.481, அதாவது பார்க்கிங் லாட் என்றும் போட்டேன். ஆடிட்டர் வி43.52-ஐ அடித்துவிட்டு வி43.02எக்ஸ்ஏ என்று மாற்றியிருக்கிறார். ‘நான்-டிராஃபிக்’ (பொதுச்சாலையில் நடக்காதது) என்ற ஒரே சொல்தான் விளக்கம்.

அந்த லாட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வண்டியோடு போகலாம், அது பொது இடம்தானே? அதோடு, ஒய்92.481 இருப்பதே ‘தெரு, நெடுஞ்சாலை, தளம் போட்ட பிற பாதைகள்’ என்ற ஒய்92.4 தலைப்புக்குக் கீழேதான். அப்படியிருக்க டிராஃபிக் எப்படித் தவறாகும்?

ரவி:
ஆடிட்டர் செய்தது சரி. ரிபட்டல் வேண்டாம்.

செல்வி:
கவிதா, உன் கேள்வி நியாயமானதுதான். நானும் முதல் வருடம் இதே இடத்தில் தடுக்கினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டேபுலரில் (கோடுகளின் வரிசைப் பட்டியலில்) வி00 தொடங்குவதற்கு முன்னால் வரையறைகள் இருக்கும். என்கோடரில் (கோட் தேடும் மென்பொருளில்) தேடிப் பழகியவர்கள் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்பதற்காக ஓர் இடம் அங்கே பொதுச்சாலை ஆகிவிடாது. ஆட்களும் பொருட்களும் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்காக, உரிமையாலோ வழக்கத்தாலோ பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நிலம்தான் பொதுச்சாலை. பார்க்கிங் லாட் வண்டியை நிறுத்துவதற்கான இடம். அதற்குள்ளேயே முழுக்க நடந்தது நான்-டிராஃபிக்.

ஒய்92 தலைப்பை வைத்து வாதாடாதே. அது இடத்தை மட்டும் சொல்லும். நடைபாதையும் அதே தலைப்புக்குக் கீழேதான் இருக்கிறது, ஒய்92.480. டிராஃபிக்கா இல்லையா என்பதை முடிவு செய்வது வி கோடின் வரையறைதான்.

உன்னைத் தவறவிட்டது எச்பிஐ-யின் முதல் வரி என்று நினைக்கிறேன். ‘எம்விசி’ என்று மட்டும் இருந்து இடமே எழுதாமல் விட்டிருந்தால், பொதுச்சாலையில் நடந்ததாக எடுத்துக்கொள்ளச் சொல்லி விதியே இருக்கிறது. அப்போது உன் வி43.52 சரி. இங்கே டாக்டர் இடத்தை எழுதிவிட்டார், அந்த அனுமானம் அதோடு முடிந்தது.

கவிதா:
நன்றி அக்கா, இப்போது புரிகிறது. ஒரு சந்தேகம். லாட்டிலிருந்து வெளியே வரும்போது காரின் முன்பாதி தெருவில், பின்பாதி உள்ளே. அந்த நேரத்தில் தெருவில் வந்த கார் இடித்தால்?

ரவி:
டிராஃபிக். விபத்து பொதுச்சாலையில் தொடங்கினாலும், அங்கே முடிந்தாலும், வண்டியின் ஒரு பகுதி மட்டும் அங்கே இருந்தாலும் டிராஃபிக்தான்.

கார் கோடுகளில் நாலாவது எழுத்தைப் பாருங்கள். 0 முதல் 3 வரை நான்-டிராஃபிக், 5-லிருந்து டிராஃபிக். 4 என்றால் வண்டியில் ஏறும்போதோ இறங்கும்போதோ அடிபட்டவர், அதில் இந்தப் பிரிவே கிடையாது. இதை மனப்பாடம் செய்துவிட்டால் வேலை வேகமாக நடக்கும்.

செல்வி:
ரவி, அந்த மனப்பாடத்தை வி86-க்குக் கொண்டுபோக வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். வி83 முதல் வி86 வரை (தொழிற்சாலை, பண்ணை, கட்டுமான, ஆஃப்-ரோடு வண்டிகள்) எண்கள் தலைகீழ். அங்கே 0 முதல் 3 டிராஃபிக், 5-லிருந்து நான்-டிராஃபிக். ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் சிறு வண்டி) ஓட்டியவர் கவிழ்ந்தார் என்று மட்டும் இருந்தால் வி86.55எக்ஸ்ஏ. இடம் எழுதாவிட்டால் காருக்கு டிராஃபிக் என்று எடுப்போம். ஆஃப்-ரோடு வண்டி மட்டுமே சம்பந்தப்பட்ட விபத்தில் அதற்கு நேர்மாறு, சாலை என்று எழுதியிருந்தால்தான் வி86.05எக்ஸ்ஏ. குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் அடிபட்டால் வி83.5எக்ஸ்எக்ஸ்ஏ. வேலை நேரம் என்றால் ஒய்99.0-வும் சேரும்.

ஹரிணி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வெளிக்காரணக் கோடுக்கு நாடு முழுவதற்குமான கட்டாயம் இல்லையே, மாநிலமோ பேயரோ (பணம் தரும் காப்பீட்டு நிறுவனமோ) கேட்டால்தானே? முதல் கோடாகவும் வராது. கிளெய்மில் பணமும் மாறாது. இதற்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு?

செல்வி:
கட்டாயம் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் போன வருடம் நான் பார்த்த ஒரு சார்ட்டைச் சொல்கிறேன். இரண்டு வயதுக் குழந்தை, வீட்டு டிரைவ்வேயில் (வீட்டு வாசலுக்குக் கார் வரும் தனிப்பாதையில்) நின்றிருந்தது. வீட்டுக்காரர் ஒருவரே ரிவர்ஸ் எடுத்தபோது கார் ஏறிவிட்டது. வி03.00எக்ஸ்ஏ (கார் மோதிய பாதசாரி, நான்-டிராஃபிக்), ஒய்92.014 (வீட்டு டிரைவ்வே). கோட் போட்டு முடித்துவிட்டு அடுத்த சார்ட்டைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

சாலை மரணங்களைச் சேர்க்கும் அமெரிக்க அரசின் எஃப்ஏஆர்எஸ் கணக்கில், பொதுப் பாதையில் நடந்தவை மட்டும்தான் வரும். டிரைவ்வேயில் நடந்தது அதில் ஏறாது. இப்படி ஒரு குழந்தை இறந்த பிறகு பெற்றோர்கள் போராடி, 2008-இல் அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்தது. 2018 மே முதல் அங்கே தயாராகும் புதிய கார்களில் பின்புறக் கேமரா கட்டாயமானது அதனால்தான். சாலைக்கு வெளியே எத்தனை பேர் அடிபடுகிறார்கள் என்பதை மருத்துவமனைப் பதிவிலிருந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வி03-க்கு அடுத்து நாம் போடும் அந்த நாலாவது எழுத்து 0 வேண்டும். நாம் 1 போட்டால் அந்தக் குழந்தை சாலையில் அடிபட்டதாகிவிடும்.

ஹரிணி:
இதை யோசிக்கவே இல்லை. நன்றி மேடம்.

கவிதா:
ரிபட்டல் அனுப்பவில்லை. இன்று காலை, இந்த மாதம் நான் முடித்த எம்விசி சார்ட்டுகளில் ‘பார்க்கிங்’, ‘டிரைவ்வே’ என்று தேடிப் பார்த்தேன். ஆடிட்டில் வராத இரண்டு சார்ட் கிடைத்தன. ஒன்றில் வி43.62, இன்னொன்றில் வி03.10. இரண்டும் தவறு. திருத்தச் சொல்லி டிஎல்-க்கு (டீம் லீடுக்கு) மெயில் போட்டுவிட்டேன். முதலாவதில் அவர் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் இருந்தவர், அதனால் வி43.12எக்ஸ்ஏ என்று எழுதியிருக்கிறேன். சரிதானே அக்கா?

செல்வி:
இடித்தது எஸ்யூவியோ பிக்கப்போ வேனோ இல்லாத சாதாரண கார் என்றால் சரி. எஸ்யூவி என்றால் வி43.11. எச்பிஐ-யை இன்னொரு முறை கடைசி வரை படித்துவிடு.